சமையல்காரர் மவுத்தான மத்தியானம்

துபாயிலிருந்து லீவுக்கு வந்த என் வீட்டுக்காரர் மகனுக்கென்று ஒரு கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார். டிவியில் மாட்டி விளையாடுவது. கூடவே பழைய கடையில் அள்ளிவந்த கொஞ்சம் சிடிகள். கார் பந்தயமும் கால்பந்தும் மகனுக்குப் பிடித்துப்போயின. ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டான்.

"சண்டையே இல்ல உம்மா. பேசிக்கிட்டே இருக்காங்க" என்றான்.

அந்தப் பேச்சுதான் எனக்கு ஆசையைக் கிளப்பியது. அவர் துபாய்க்குத் திரும்பிய பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, மாமி சாப்பிட்டு அசந்து படுக்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவைத்து விளையாட ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. நல்லவேளையாக, பட்டனை அழுத்தினால்தான் அடுத்த வரி வரும். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை எதிரிகூட வாளை ஓங்கியபடி பொறுமையாக நிற்பான்.

பனிமலையைத் தாண்டிப் போகும் ஒரு வியாபாரக் கூட்டம். அதற்குக் காவல் போகும் வாலிபன் நான். ஏர்வாடி வெயிலில் நைட்டியும் முக்காடுமாக உட்கார்ந்துகொண்டு பனியில் வாள் வீசினேன். அந்தக் கூட்டத்தில் தொப்பையும் நரைத்த தாடியுமாக ஒரு சமையல்காரர் இருந்தார். கூடாரம் போட்ட இடத்திலெல்லாம் அடுப்பை மூட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆமாம், இல்லை என்று இரண்டு பதில் வரும். நான் எப்போதும் இல்லை என்றே அழுத்துவேன். உடனே ஒரு கிண்ணத்தில் சூப் தருவார்.

எங்கள் வீட்டில் எல்லோரையும் அந்தக் கேள்வி கேட்பவள் நான். என்னைக் கேட்க டிவிக்குள்ளிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. எழுதும்போது இது பெரிய சோகம் போலத் தெரிகிறது. உண்மையில் அந்த நேரமெல்லாம் என் மடியில் ஒரு தட்டு பகோடா இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கூட்டம் ஒரு மரப்பாலத்தைத் தாண்டியது. பின்னால் எதிரிகள் துரத்தி வந்தார்கள். எங்களைப் போகச் சொல்லிவிட்டு, சமையல்காரர் அகப்பையும் கையுமாகப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டார். இருக்கிற பட்டனையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். பாலம் முறிந்தது. அவரும் போய்விட்டார்.

அக்கரையில் கூடாரம் போட்டார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு மனசு உடைந்தது. சத்தமில்லாத அழுகை என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொள்ளாத குறையாக அழுதேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேனும் டிவியும் நின்றதும் என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமி அலறியடித்து எழுந்து வந்தார். என் பக்கத்தில் கிடந்த செல்போனைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா! எம் மகனுக்கு என்னாச்சு?"

"அவுகளுக்கு ஒண்ணுமில்ல மாமி. சமையக்காரரு மவுத்தாயிட்டாரு" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

லாத்தா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா அதற்குள் ஓடிவந்துவிட்டார். "எந்தச் சமையக்காரரு?"

"எம் மகன் மெஸ்ஸுல சமைக்கிறவராத்தான் இருக்கும். தங்கமான மனுசன்னு சொல்லுவான்" என்று மாமியும் அழ ஆரம்பித்தார்.

லாத்தா இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் என் போனை எடுத்தார். துபாய்க்கு மிஸ்டு கால் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். லாத்தா முழுக் காலே போட்டார். "தம்பி, ஒங்க சமையக்காரரு மவுத்தாமே! இங்கன ஒம் பொண்டாட்டி அழுது கரையிறா." அந்தப் பக்கம் போன் கட்டாகிப்போனது.

"மெஸ்ஸுல இல்ல லாத்தா, டிவிக்குள்ள" என்றேன்.

டிவி கறுப்பாக இருந்தது. லாத்தா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாமியின் காதில், "ஒரு எட்டு தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?" என்றார். புத்தி பேதலித்தவர்களை வெளியூரிலிருந்து எங்கள் ஊருக்குத்தான் அழைத்து வருவார்கள். எனக்குப் பஸ் செலவுகூட இல்லை.

கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் காவல் இருந்தார்கள். வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைப் போட்டு, பாலத்துக்கு முன்னாலிருந்து விளையாடிக் காட்டினேன். லாத்தா, "எந்திரிச்சிருவாரு பாரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழவில்லை. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாள் ஒங் கையில இருக்கு. அகப்பை வச்சிருந்த வயசாளிய நிப்பாட்டிட்டு நீ ஓடியாந்துட்டியாக்கும்?"

நியாயமான கேள்வி.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "நான் வேலையப் போட்டுட்டு மெஸ்ஸுக்கு ஓடுனா, மனுசன் உக்காந்து வெங்காயம் உரிக்கிறாரு. அப்பிடியே கட்டிப்பிடிச்சுட்டேன். அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாய்ங்க. ஒங்க வீட்டம்மா எதுக்கு எனக்கு அழுதாங்கன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

அதன்பிறகு மாமி மத்தியானத்தில் படுப்பதை விட்டுவிட்டார். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரை முன்னால் விடலாம், யாரைப் பின்னால் நிறுத்தலாம் என்று யோசனை சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் மூன்று பேர் செத்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டேன். மாமி மட்டும் ஒவ்வொருவருக்கும் உச்சுக் கொட்டினார். மகன் எட்டிப் பார்த்து, "இந்தக் கேமையா இன்னும் ஆடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கடைசிக் கட்டத்தில் மலை உச்சியை அடைந்ததும் செத்தது நானேதான். வாள் ஒரு பக்கம் கிடக்க, என்மேல் பனி விழுந்தது. நெஞ்சை உருக்கும் வாத்தியம். எனக்காகவாவது அழுவார் என்று மாமியை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றார். "சரி, எந்திரி. மீனு இன்னும் அலசாமக் கெடக்கு."