சீனாக்கடையில் சாமியம்மாள் வைத்த விருந்து

9-10-2011 — ரூ. 545
10-6-2012 — ரூ. 610
10-3-2013 — ரூ. 655
9-11-2014 — ரூ. 790
7-2-2016 — ரூ. 905
6-8-2017 — ரூ. 980
13-5-2018 — ரூ. 1,860

இவை ஏழும் நெய்வேலி மெயின் பஜாருக்குப் பின்தெருவில் இருக்கும் ‘நியூ ஷாங்காய்’ என்ற சின்ன சாப்பாட்டுக் கடையின் பில்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். கடையில் மேசை நாலுதான். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் டவுன்ஷிப்பில் அதன் பெயர் சீனாக்கடை. நடத்துகிற அன்புச்செல்வன் குறிஞ்சிப்பாடிக்காரன்; சென்னையில் ஒரு ஓட்டலில் எட்டு வருஷம் வாணலி பிடித்துத் தொழில் கற்றவன். “எனக்கு சீனாவும் தெரியாது, சீனாக்காரனுக்கு என்னையும் தெரியாது” என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

பில்கள் நிலக்கரி நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் ஒன்றாக வேலை செய்த ஏழு பெண்களுடையவை. ஆளுக்கொன்று. கடைசி பில் சாமியம்மாளுடையது.

சாமியம்மாள் முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவள். 1994இல் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். குவார்ட்டர்ஸ் தெருக்களில் வேலி வெட்டுவது, சருகு கூட்டுவது, பூங்காவுக்குத் தண்ணீர் விடுவது. 1998இல் அவள் வீட்டுக்காரர் சிங்காரவேல் முந்திரி மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இரண்டு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது சர்வீஸை முதலிலிருந்து எண்ணினார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் அவளுக்கு முன்னால் போய்விட்டார்கள்.

அந்த ஏழு பேருக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பர்மனென்ட் ஆனதாக லெட்டர் வந்தவள் முதல் சம்பளத்தில் மற்ற ஆறு பேரையும் சீனாக்கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். தொடங்கி வைத்தவள் மூத்தவளான விருத்தாம்பாள். சட்டம் போட்டவளும் அவள்தான். விருந்து வைக்கிறவள்தான் என்ன வேண்டுமென்று கடைக்காரனிடம் சொல்வாள். மற்றவர்கள் வந்ததைச் சாப்பிட வேண்டும். கான்ட்ராக்டில் இருப்பவள் பர்ஸைத் தொடக்கூடாது.

முதல் விருந்தில் நூடுல்ஸைப் பார்த்ததும் காந்திமதி முகத்தைச் சுளித்தாள். அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

“என்னாடி இது, இடியாப்பத்த எண்ணெயில பொரட்டி வச்சிருக்கான்?”

“காசு நான் குடுக்கறேன். வாய மூடிகினு துன்னு” என்றாள் விருத்தாம்பாள்.

“வாய மூடிகினு எப்டிக்கா துன்றது?”

கடையே சிரித்தது. சாமியம்மாளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

விருத்தாம்பாள் அன்று சொன்னதையே பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். ஃப்ரைட் ரைஸ் நாலு, கோபி மஞ்சூரியன் மூன்று, நூடுல்ஸ் இரண்டு. எல்லாவற்றையும் ஏழாகப் பங்கு போட்டுக்கொள்வது. மூன்றாவது விருந்தின்போது பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வேறு எதையோ சாப்பிட்டதைச் சாமியம்மாள் பார்த்தாள். மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், அதன்மேல் சிவப்பாக ஒரு குழம்பு, உச்சியில் முழுதாக ஒரு முட்டை. அது என்னவென்று அன்புச்செல்வனிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அமெரிக்கன் சாப்சி, அக்கா.”

“சீனாக்கடையில அமெரிக்கா எங்கடி வந்துச்சு?” என்றாள் காந்திமதி.

சாமியம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற முறை அவளுடையதல்ல. நாலாவது விருந்திலும் ஐந்தாவது விருந்திலும் அவள் கண் பக்கத்து மேசைக்கு ஒருமுறை போய்வந்தது.

ஆறாவது விருந்து பொன்னம்மாளுடையது. சாமியம்மாளுக்கு நாலு வருஷம் பின்னால் வேலைக்கு வந்தவள் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியம்மாள் வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஏழரை மணிக்கு மற்ற ஆறு பேரும் பார்சலோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

“வூட்ட சாத்திகினு ஒக்காந்துட்டா விட்டுருவமா? இந்தா, சூடா துன்னு” என்று பொன்னம்மாள் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். அவள் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் சாமியம்மாளுக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு பொட்டலத்தைச் சிங்காரவேலிடம் தள்ளினாள். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “நல்லாத்தான கீது. நீ ஏன் போவல?” என்றார்.

“ரெண்டாயிரத்து இருவதுல எனக்கு ரிட்டயர்மென்ட்டு. லெட்டர் வருதோ வரலியோ, அதுக்குள்ள ஒரு தடவையாச்சும் அவளுங்க ஆறு பேரும் என் காசுல துன்னணும். கடைசி வரைக்கும் அடுத்தவ கையப் பாத்துகினே போவ என்னால முடியாது.”

சிங்காரவேல் சாதத்தை மென்றுகொண்டே யோசித்தார். “அப்ப குடு. யாரு வேணாங்கறா?” என்றார்.

குடு என்று சொல்வது எளிது. பழக்கத்தை மீறுவது எளிதல்ல. ஒன்பது மாதம் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தாள். 2018 மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, மண்வெட்டியும் கத்தியும் எடுக்க எல்லாரும் ஷெட்டில் கூடியபோது வாயைத் திறந்தாள்.

“வர ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு எல்லாரும் சீனாக்கடைக்கு வந்துடுங்க. விருந்து என்னுது.”

“லெட்டர் வந்துடுச்சாடி?” காந்திமதி கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“வரல.”

காந்திமதியின் கை தானாக விலகியது. பொன்னம்மாள் பதறிப்போனாள். “வேணாங்க்கா! லாரி டிரைவர் ஒருத்தரு லெட்டர் வரதுக்கு முன்னாடியே லட்டு குடுத்தாரே, தெரியாதா? இன்ன வரைக்கும் வரல. முன்னாடியே துன்னா தட்டிப் போயிடும்.”

“லெட்டர் போடறவனுக்கு லட்டு துன்ன சேதி எப்டிடி தெரியும்?” என்றாள் சாமியம்மாள்.

விருத்தாம்பாள் முகம் இறுகியிருந்தது. “கான்ட்ராக்ட்காரி பர்ஸத் தொடக் கூடாதுன்னு சொன்னவ நான். அத மாத்தறதுக்கு நீ யாரு?”

“எக்கா, நீ சொன்னத இத்தினி வருசமா கேட்டுகினு வரேன். நான் சொல்றத இந்த ஒரு தடவ நீ கேளு. யாரும் வரலன்னா ஒண்டியா ஒக்காந்து ஏழு தட்டையும் துன்னுட்டுத்தான் எழுந்துருப்பேன்.”

ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கலைந்துபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்கே சாமியம்மாள் கடைக்குப் போய்விட்டாள். சிங்காரவேலைக் கூப்பிட்டதற்கு, “அது உங்க கச்சேரி, எனக்கென்னா வேல?” என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடச் சொல்லி நடுவில் உட்கார்ந்தாள். ஆறு அடித்தது. ஆறே கால் ஆயிற்று. ஆறு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. ஒரு குடும்பம் வந்து இடம் கேட்டபோது அன்புச்செல்வன் இவளைப் பார்த்தான்.

“வருவாங்களாக்கா?”

“வருவாங்க தம்பி.” குரல் திடமாகத்தான் வந்தது. கை மட்டும் மேசைக்கடியில் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

ஆறே முக்காலுக்கு வாசலில் ஒரே சத்தம். ஐந்து பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள். யார் முதலில் போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்களாம். இரண்டு நிமிஷம் கழித்து விருத்தாம்பாள் வந்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள்.

“என்னாக்கா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றாள் காந்திமதி.

“விருந்துன்னா விருந்து மாதிரி வரணும்டி” என்று சொல்லிச் சாமியம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தாள் விருத்தாம்பாள். அவ்வளவுதான். மேசையில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

அன்புச்செல்வன் வழக்கம்போல விருத்தாம்பாள் பக்கம் திரும்பி, “ஃப்ரைட் ரைஸ் நாலு, கோபி மூணுங்களா?” என்றான்.

“தம்பி, இங்க பாரு” என்றாள் சாமியம்மாள். “இன்னிக்கு என்னக் கேளு.”

மெனு கார்டை நீட்டினான். அதைக் கையால் ஒதுக்கினாள்.

“அது வேணாம், எழுதிக்க. சூப்பு ஏழு. சாப்சி ஏழு, ஒவ்வொண்ணுலயும் முழு முட்ட இருக்கணும். சிக்கன் லாலிபாப்பு மூணு தட்டு, எலும்புல காயிதம் சுத்தித் தரணும். மீன் சில்லி ஒரு தட்டு. இன்னிக்கு யாரும் தட்டப் பங்கு போடப் போறதில்ல.”

சாப்சி வந்தது. ஏழு தட்டில் ஏழு முட்டை. சாமியம்மாள் கரண்டியால் மஞ்சள் கருவை உடைத்தாள். அது வழிந்து பொரித்த நூடுல்ஸுக்குள் இறங்குவதைப் பார்த்தபிறகே முதல் வாயை எடுத்தாள். இனிப்பும் புளிப்புமாக, ஓரத்தில் நொறுங்கி நடுவில் ஊறிப்போய், நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

“அடிப்பாவி, இத ஏன்டி இத்தினி வருசம் எங்களுக்குச் சொல்லல?” என்றாள் காந்திமதி வாய் நிறைய.

“விருந்து குடுக்கறவதான சொல்லணும்? எனக்கு இன்னிக்குத்தான் முற வந்துது.”

விருத்தாம்பாள் தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அவள் சட்டத்தை அவளே விழுங்கியதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பில் வந்தபோது பொன்னம்மாள் கை பர்ஸுக்குப் போனது. “கைய எடுடி” என்றாள் சாமியம்மாள். பெரிய சத்தமில்லை. ஆனால் வாணலிக்கு முன்னால் நின்ற அன்புச்செல்வன்கூடத் திரும்பிப் பார்த்தான். ரூபாய் ஆயிரத்து எண்ணூற்று அறுபது. கல்லாவுக்கு எழுந்து போய்த் தன் கையால் கட்டினாள்.

வெளியே வந்ததும் காந்திமதி வம்புக்கிழுத்தாள். “நாளைக்கே லெட்டர் வந்தா இன்னொரு விருந்து உண்டில்ல?”

“எதுக்கு? அதான் இன்னிக்கே துன்னு ஏப்பம் வுட்டீங்களே!”

ஆறு பேரும் தெருவில் நின்று சிரித்தார்கள். மற்ற விருந்துகளுக்குப் பிறகு சாமியம்மாள் எல்லாருக்கும் பின்னால்தான் நடந்து வருவாள். அன்று முன்னால் நடந்தாள்.

தட்டிப் போகும் என்று பொன்னம்மாள் பயந்தது நடக்கவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லி முதல் கடிதம் 2-7-2018 அன்று வந்தது. சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொன்ன இரண்டாவது கடிதம் 5-9-2018. சாமியம்மாள் பர்மனென்ட் ஆனதாகச் சொன்ன கடைசிக் கடிதம் வந்தது 12-11-2018, திங்கட்கிழமை.