மீரா உசேனும் மூன்றரை லிட்டரும்

கூத்தாநல்லூரில் ஆட்டோமேடிக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் மீரா உசேனைத் தெரியும். மற்ற பட்டறைக்காரர்கள் செய்து கொடுத்த வேலையால் பேர் வாங்கினார்கள். இவர் செய்ய மாட்டேன் என்று சொன்ன வேலைகளால் பேர் வாங்கியவர். மூன்று நாட்டு டிரைவிங் லைசென்ஸ் கையில் உண்டு. ஊருக்குள் போவது சைக்கிளில். கேட்டால், "கார்ல உக்காந்துட்டா மத்த காரு சத்தம் காதுல விழாது" என்பார்.

இருபத்திரண்டு வயதில் ஷார்ஜாவுக்குப் போய், இருபத்துநான்கு வருஷம் ஒரே பட்டறையில் கியர் பாக்ஸ் மட்டும் பிரித்துக் கோர்த்தவர். அவ்வளவையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியபோது, ஊரில் ஆட்டோமேடிக் கார் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று வருஷம் பம்புசெட் மோட்டாருக்குக் செப்புக்கம்பிக் காயில் கட்டினார். பிறகு வளைகுடாவிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இடது காலுக்கு வேலையே கொடுக்காமல் அங்கே வண்டி ஓட்டியவர்களுக்கு கிளட்ச் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அவர்கள் ஆட்டோமேடிக் வாங்கினார்கள். இவருக்குத் தொழில் திரும்பி வந்தது.

அம்சவல்லியின் கதை வேறு. அவளுக்கு மறக்கக்கூட கிளட்ச் இருந்ததில்லை. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. இப்போது நாற்பத்தாறு வயது. கூத்தாநல்லூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, வெண்ணாற்று வாய்க்கால் ஒன்றின் கரையில், சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரின் ஒரு வேலி நிலத்தை, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, குத்தகைக்கு எடுத்து எட்டு வருஷமாக நெல் போடுகிறாள். வயலுக்குப் போகும் கரைப்பாதை ஒரு கார் அகலம், நானூறு மீட்டர் நீளம். திருப்ப இடம் கிடையாது. முன்னால் போனால், ரிவர்ஸிலேயே வெளியே வர வேண்டும். அவள் வருவாள். அந்த ஊர் ஆண்கள் முன்னால் ஓட்டுவதைவிட அவள் பின்னால் ஓட்டுவது நேராக இருக்கும் என்பதை அந்த ஆண்களே ஒப்புக்கொள்வார்கள், அவள் இல்லாத இடத்தில்.

அவள் கார் ஒரு பழைய ஜப்பான் கம்பெனி ஆட்டோமேடிக். மீட்டரில் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று மூன்றாயிரம் கிலோமீட்டர். இந்த ஜூனில், குறுவைக்கு விதை விட்ட ஐந்தாம் நாள், வயல் முனையில் ரிவர்ஸ் போட்டாள். எஞ்சின் உறுமியது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. வரப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் வந்து நானூறு மீட்டரும் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள்.

செய்தி அன்று சாயங்காலமே சிங்கப்பூர் போய்விட்டது. நிலத்துக்காரர் பண்போடு வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். "கஷ்டப்பட வேண்டாம்மா. உங்களால போக வர முடியலைன்னா இந்தக் குறுவையோட நிலத்தை உங்க அண்ணன்கிட்டயே விட்டுடலாம். நடவுக்குள்ள முடிவு சொல்லுங்க." நாற்று இருபத்தைந்து நாளில் நடவுக்கு வந்துவிடும். அவளுக்கு இருந்தது இருபது நாள்.

அண்ணன் ஜெயபால் சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர். தஞ்சாவூரில் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போன் போட்டார். வண்டியைப் பார்க்காமலேயே அங்கிருந்து தீர்ப்பு வந்தது: மூணு லட்சம் ஓடின கியர் பெட்டி, முடிஞ்சு போச்சு, எடைக்குப் போடுங்க. ஜெயபால் நிஜமாகவே வருந்தினார். வருந்திக்கொண்டே, அந்த ஒரு வேலியில் தன் டிராக்டருக்கு எத்தனை மணி நேர வேலை என்று மனசுக்குள் ஒருமுறை ஓட்டியும் பார்த்திருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, இரண்டும் உண்மைதான்.

அம்சவல்லி மீரா உசேனை அழைத்தாள்.

"பாய், ரிவர்ஸ் விழல. மேட்டுல முன்னாலயும் வழுக்குது. அண்ணன் டிராக்டர்ல கட்டி இழுத்துக்கிட்டு வர்றேங்குது."

"இழுக்கச் சொல்லாத தங்கச்சி. சக்கரம் உருண்டா உள்ள உள்ளது தேயும். நான் வர்றேன்."

சைக்கிள் கேரியரில் இரண்டு டின் எண்ணெயைக் கட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் மிதித்து வந்தார். காரின் முன்னால் டிராக்டர் நின்றது, கயிறும் கட்டியாகிவிட்டது. மீரா உசேன் முதலில் கயிற்றை அவிழ்த்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, காத்திருந்து, கியர் பிடியை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலை உருவினார். நுனியில் மட்டும் ஈரம்.

"எண்ணெயை யாரு தொட்டது?"

யாரும் தொடவில்லை.

"ஒழுகல் இல்லை. எண்ணெய் தானா நடந்து போவாது. வீட்ல டிராக்டர் வச்சிருக்கிறவங்க யாரும் இருக்காங்களா?"

ஜெயபால் கரண்டு கம்பத்தைப் பார்த்தார்.

"அண்ணே," என்றாள் அம்சவல்லி.

"நீதான சொன்ன, சீசனுக்கு முன்னாடி வண்டியப் பாத்துக் குடுன்னு. பாத்தேன். கோடு தாண்டி ஒரு விரக்கடை மேல நின்னுச்சு. அதிகமானா சீல் பிச்சுக்கும்ல? ஒன்னரை லிட்டர் எடுத்துட்டேன்."

"எஞ்சினை நிப்பாட்டிப் பாத்தீங்களா தம்பி?"

"பின்ன, ஓடவிட்டா பாப்பாங்க? இருவத்தஞ்சு வருசமா டிராக்டர் வச்சிருக்கேன்."

"அதான்."

டிராக்டருக்கு அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இந்த மாதிரி வண்டியில் எஞ்சின் நின்றதும், மேலே சுற்றிக்கொண்டிருந்த எண்ணெய் எல்லாம் கீழே தட்டில் வந்து தேங்கும். அளவுகோல் பொய் சொல்லும். இருபத்தைந்து வருஷ அனுபவம் இல்லாத ஒருவன் அந்தக் காரைத் தொட்டிருக்கவே மாட்டான். கார் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்த எண்ணெய் எங்க?"

"கதவு கீலுக்கெல்லாம் விட்டேன். நல்லாத்தான் இருக்கு."

மீரா உசேன் சிரிக்கவில்லை. ஒன்றரை லிட்டரை ஊற்றினார். கார் அசைந்தது. ரிவர்ஸ் விழுந்தது, ஆனால் யோசித்து விழுந்தது: பிடியைப் போட்டபின் மூன்று எண்ணும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை, நான்காவதில் ஒரு உதறல். குறைந்த எண்ணெயில் பத்து நாள் ஓடியதில் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிவரச் சொன்னார். அவர் சைக்கிளில் முன்னால் போனார்.

பட்டறையில் ஒரு துளி எண்ணெயை எடுத்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கத்தில் விட்டார். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். துளி பரவிக் காய்ந்ததும் பக்கத்தில் வண்டி எண்ணும் தேதியும் எழுதி வைப்பார். கூத்தாநல்லூரில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. "எந்தக் கல்யாணத்துக்குப் போவணும்னு எடுத்துப் பாத்தா யாரு வீட்டு கியர் பாக்ஸோதான் தெரியுது" என்பது அவர் மனைவி கமருன்னிஸாவின் நிரந்தரப் புகார். அம்சவல்லியின் துளி நடுவில் கறுத்து, ஓரத்தில் காப்பி நிறமாக நின்றது. புதிதில் அது குங்குமச் சிவப்பாக இருந்திருக்க வேண்டும்.

எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், கார் கிளம்பும் நேரத்தில், இந்த வண்டிகளில் இரும்போடு இரும்பு பிணைந்திருப்பதில்லை. எதிரெதிராக இரண்டு மின்விசிறியை வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றுமே, அப்படி ஒரு சக்கரம் எண்ணெயை வாரி அடிக்க, அந்த அடியில் எதிர்ச் சக்கரம் சுற்றுகிறது. ஒரு டன் கார், ஐந்து ஆள், இரண்டு மூட்டை யூரியா, எல்லாம் நகர்வது அந்த எண்ணெயின் தள்ளலில். எந்த கியர் எப்போது என்று பிடித்து விடுவதும் அதே எண்ணெய். சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோவதும் அதுவே. மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து சோறு போடுவதில் ஆச்சரியம் காணாத ஊர் இது. எண்ணெய் காரைத் தள்ளுகிறது என்றால் மட்டும், "அது எப்படிங்க?" என்று கேட்கும்.

"மொத்தத்தையும் வடிச்சிட்டுப் புதுசா ஊத்துங்க பாய்," என்றார் ஜெயபால். "மிஷின் வச்சு உள்ளயே கழுவுறாங்களாம்ல."

"செய்யலாம். நான் செய்ய மாட்டேன்."

"ஏன்?"

"உள்ள கியரைப் பிடிக்கிற தட்டு மூணு லட்சம் ஓடியிருக்கு. தேஞ்ச தூளு இந்தப் பழைய எண்ணெயிலதான் மெதக்குது. அந்தச் சொரசொரப்புலதான் பாதி பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரே நாள்ல வழிச்சு எடுத்துட்டா நாளைக்கு முன்னாலயும் போவாது, பின்னாலயும் போவாது."

"அப்ப மாத்தாமலே விட்டுருங்க," என்றாள் அம்சவல்லி.

"விட்டா ஆறு மாசத்துல கருகிப் போயிரும். மாத்துனா பெட்டி போனாலும் போவலாம். மாத்தலைன்னா கண்டிப்பா போயிரும். நீ சொல்லு தங்கச்சி."

அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. "மாத்துங்க பாய்."

அடித்தட்டைக் கழற்றினார். தட்டின் மூலைகளில் நான்கு சின்னக் காந்தம் உண்டு. உள்ளே தேய்கிற இரும்பையெல்லாம் பிடித்து வைப்பதற்கு. நான்கிலும் சாம்பல் நிறப் பசை முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நின்றது. அதை வழித்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்தார்.  ஒரு வேலி நிலம் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. 

"மை மாதிரி இருக்கு," என்றார் மீரா உசேன். "சில்லு இல்லை. தேஞ்சிருக்கு, ஒடையல."

வடிந்த எண்ணெயை அளந்தார். மூன்றரை லிட்டர். தட்டையும் காந்தத்தையும் துடைத்து, வடிகட்டியையும் கேஸ்கட்டையும் புதிதாக மாட்டி, அதே மூன்றரை லிட்டரைப் புதிதாக ஊற்றினார். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே இன்னும் நாலரை லிட்டர் பழையது அப்படியே இருந்தது. "மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும். ஓட்டு. வச்சு அழகு பாக்காத. இருநூறு கிலோமீட்டர் ஆனதும் வா."

முதல் சுற்றுக்குப் பிறகு கார் மோசமானது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஒரு நடுக்கம் வந்தது. கரைப்பாதைக்குள் போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கைத்தடியோடு நானூறு மீட்டர் நடந்தாள். போக அரை மணி, வர அரை மணி. ஒருநாள் மடை அடைத்துக்கொண்டு நாற்றங்காலில் தண்ணீர் ஏறி நின்றது. அவள் போய்ச் சேர்வதற்குள் ஜெயபால் மண்வெட்டியோடு இறங்கி மடையைத் திறந்திருந்தார்.

"நான்தான் பாத்துக்கிறேன்ல," என்றார்.

"அதுக்குத்தான் பயமா இருக்கு," என்றாள்.

ஆறாம் நாள் மறுபடி போனாள். நடுக்கத்தைப் பற்றிச் சொன்னாள். மீரா உசேன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கியர் பிடிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மன்னார்குடி ரோட்டில் போய்த் திரும்பச் சொன்னார். சோதிடர்கள் பேசிக்கொண்டேயிருப்பார்கள், டாக்டர்கள் எழுதிக்கொண்டேயிருப்பார்கள். இவர் பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "பழசும் புதுசும் இன்னும் ஒத்துக்கல" என்றார். மறுபடி மூன்றரை வடித்து, மூன்றரை ஊற்றினார். அந்த வாரம் நடுக்கம் தேய்ந்தது. போனதா, அவளுக்குப் பழகிப்போனதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது சுற்று, விதை விட்ட இருபத்துமூன்றாம் நாள் காலை. இந்தமுறை வடிந்த எண்ணெய் ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. "இதோட நிறுத்திக்குவோம்," என்றார். உள்ளே பழையது எவ்வளவு மிச்சம் என்று ஜெயபால் கேட்டார். "ஆறுல ஒரு பங்கு. இருக்கட்டும். அதுக்குத்தான் இந்தப் பெட்டியோட சுபாவம் தெரியும்."

அங்கிருந்து நேரே வயலுக்குப் போனார்கள். மீரா உசேனை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, பதினெட்டு நாளுக்குப் பிறகு கரைப்பாதையில் காரை விட்டாள் அம்சவல்லி. ஒரு பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர், மறுபக்கம் சேறு கலக்கிய வயல். முனையில் நிறுத்தினாள். வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. வழுக்குவதானால் இப்போதுதான் வழுக்கும். ஜெயபால் டிராக்டரைப் பாதை வாயிலில் நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்து வந்திருந்தார், கையில் கயிறு இல்லாமல்.

பிடியை ரிவர்ஸுக்கு இழுத்தாள். உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று முடிவதற்குள் கார் பின்னால் சாய்ந்து நகர்ந்தது. உதறல் இல்லை; சத்தம்கூட இல்லை. மீரா உசேனின் கை பிடிக்குக் கீழே இருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். அந்த முகத்தில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷமாகத் தினம் பார்க்கிற ஒன்றை இன்னும் நம்ப முடியாதவரைப் போல, கொஞ்சம் வாயைத் திறந்திருந்தார்.

"சோத்துக்கை, சோத்துக்கைப் பக்கம் ஒடி," என்று ஜெயபால் பின்னாலிருந்து கையாட்டினார். அவள் கண்ணாடியைப் பார்த்தாளே தவிர அவரைப் பார்க்கவில்லை. நானூறு மீட்டரும் நூல் பிடித்தாற்போல வந்து ரோட்டில் ஏறியதும்தான் கதவுக் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, நாளைக்கழிச்சு நடவு. ஆளு சொல்லிட்டேன்."

"எப்பச் சொன்ன?"

"நேத்து."

"நேத்தா? வண்டி ஓடுமான்னே தெரியாதேடி நேத்து."

"ஆமா. உன் டிராக்டரு நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வேணும். சேறு இன்னொரு ஓட்டு ஓட்டணும்."

ஜெயபால் காரைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். "அஞ்சரைக்கே வந்துடுறேன்," என்றார்.

அவள் போனை எடுத்து, சிங்கப்பூருக்கு நடவுத் தேதியை மட்டும் சொல்லி அனுப்பினாள்.