காதுக்குள் சொன்ன எடை

கென்யாவின் மேற்கே ஒரு கிராமத்துக்குச் சம்பளமில்லாத தாதியாகச் சில மாதங்கள் போகப்போகிறேன் என்றதும் சிட்னியின் டூங்கபியில் அதிகம் கவலைப்பட்டவர் பக்கத்து வீட்டு அன்ரிதான். "அங்கை சோறு கிடைக்குமே பிள்ளை?" என்று கேட்டார். மலேரியா, பாம்பு எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வார்டில் எத்தனையோ வருடமாக நிற்கிறவள் நான். உண்மையைச் சொன்னால் எனக்கும் சோறுதான் கவலை.

சோறு எப்போதாவது கிடைத்தது. சோளமாக் களி எப்போதும் கிடைத்தது. கீரையைத் தொட்டுக் கையால் உருட்டிச் சாப்பிடுகிற சனத்தோடு எனக்கு ஒத்துப்போகாமல் இருக்குமா? ஒரு கிழமையில் களி இல்லாவிட்டால் வயிறு நிறையவில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

கிளினிக் நாட்களில் காலையிலேயே முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிப்போம். மாமரக் கிளையில் தராசைக் கட்டித் தொங்கவிடுவோம். தாய்மார் வரிசையாக வருவார்கள். அங்கே அவர்களை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். மீசை வைத்த என் தாய்மாமன் நினைவுக்கு வந்து முதல் கிழமை முழுக்கச் சிரிப்பை அடக்கினேன். குழந்தையைத் துணிக் கால்சட்டைக்குள் இறக்கிக் கொளுவியில் மாட்டுவேன். அது ஊரைக் கூட்டிக் கத்தும். நான் முள்ளைப் பார்த்து எடையை உரக்கக் கூவுவேன். நிழலில் கதிரை போட்டு இருக்கும் உள்ளூர்த் தொண்டர் அதை எழுதிக்கொள்வாள். என்னுடைய மொழிபெயர்ப்பாளரும் அவள்தான், கேலி பண்ணுகிறவளும் அவள்தான். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் ஒரு குண்டுப் பையன் வந்தான். கன்னம் இரண்டும் பணியாரம். எங்கள் ஆட்களில் யாராவது தாயின் முகத்துக்கு நேரே 'கொழுகொழுவென்று இருக்கிறான்' என்று சொல்வார்களா? என் வாய் பழக்கதோஷத்தில், "ஐயோ, என்ன இப்படி மெலிந்து போனான்!" என்றது. தொண்டர் அதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தாள்.

தாய்க்கு முகம் செத்துவிட்டது. பிள்ளையைத் தராசிலிருந்து பறித்து வயிற்றைத் தடவினாள். வரிசையில் நின்றவர்களும் தங்கள் பிள்ளைகளைத் தடவிப் பார்த்தார்கள். தாதி சொன்னால் சும்மாவா?

"நீ என்ன விசரியே? அவன்தான் இண்டைக்கு வந்ததுக்குள்ளை பெரிய ஆள்!" என்றாள் தொண்டர்.

நான் பதறிப்போய் விளக்கினேன். கண்ணூறு படாமலிருக்க எங்கள் ஊரில் தலைகீழாகத்தான் சொல்வோம், கன்னத்தில் கரும்பொட்டும் வைப்போம் என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தொடையில் அடித்துச் சிரித்து, முற்றம் முழுவதும் கேட்க அதை அறிவித்தாள். ஊர்க்கண் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கிழவி எழும்பி வந்து என் இடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாவம், நீயும் சரியாய் மெலிஞ்சு போனாய்" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

அப்போதுதான் தொண்டர் என் கையைக் கிள்ளினாள். "வேலியோடை நிக்கிறவ சிரிக்கிறா, பார்."

அந்தப் பெண்ணின் வீடு வேலிக்கு அப்பால். ஆனால் அவள் கைப்பிள்ளையைக் கொண்டுவந்ததே இல்லை. அவளுடைய மூத்த மகனை இதே முற்றத்தில் நிறுத்திருக்கிறார்கள். எடையைக் கூவியதும் எல்லோரும் கைதட்டினார்களாம். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. இரண்டாவது மகனைப் பிறந்த நாளிலிருந்தே துணிக்குள் மூடியே வளர்க்கிறாள். பக்கத்துக் கிராமத்தில் சின்னமுத்து அம்மை வந்திருந்தது. பிள்ளை அதற்கு நாங்கள் ஊசி போடும் வயதைத் தாண்டிக்கொண்டிருந்தான். தொண்டர் நடையாய் நடந்தும் பலனில்லை. நான் புறப்படும் நாளும் கிட்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஊசி போடாமல் பிளேன் ஏற எனக்கு மனமில்லை.

அவளுக்குப் பயம் ஊசியில் இல்லை, எங்கள் கூவலில் என்று எனக்குப் பட்டது. அடுத்த கிளினிக்கில் நான் வாயைத் திறக்கவில்லை. முள்ளைப் பார்ப்பேன், கதிரைவரை நடப்பேன், தொண்டரின் காதுக்குள் எடையைச் சொல்வேன், திரும்பி வருவேன்.

"இப்பிடி நடந்தால் பொழுதுபட்டாலும் முடியாது!" என்று அவள் புறுபுறுத்தாள். ஆனாலும் காதைத் தந்தாள். தாய்மாருக்கு இது புது விளையாட்டு. தங்களுக்கும் காதுக்குள் சொல்லச் சொன்னார்கள். வேலியோரத்தில் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

என் கடைசிக் கிளினிக்கில், சனம் கலைந்து, நான் தராசை அவிழ்க்கக் கை வைத்தபோது வந்தாள். முதுகில் துணிமூட்டை. மெல்ல அவிழ்த்தாள். உள்ளே இருந்து இரண்டு பெரிய கண்கள் எட்டிப் பார்த்தன. கீழே, அரைக் கன்னத்தை மூடி, சட்டிக் கரியில் ஒரு பொட்டு!

'வடிவான பிள்ளை' என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். நிறுத்தேன். தொண்டரின் காதுக்குள் சொன்னேன். பிறகு தாயின் காதுக்குள் சொன்னேன். அவள் அதைத் தனக்குள் ஒருமுறை முணுமுணுத்துச் சிரித்தாள். ஊசி போட்டேன். பையன் கத்திய கத்தலில் மாமரத்துக் காகங்கள் பறந்தன. ஊசி உடம்புக்கு, பொட்டு ஊர்க்கண்ணுக்கு. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை. எனக்கு அந்த முற்றத்தைச் சுற்றி ஓட வேண்டும்போல் சந்தோஷம்.

புறப்பட்ட காலையில் ஊரே கூடிப் பாடியது. எல்லோர் கண்ணும் என்மேல். சனத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள், இடுப்பில் மகன், இந்தமுறை துணி இல்லாமல். விரலில் எச்சில் தொட்டு, அவன் கன்னத்துக் கரியை வழித்து, என் கன்னத்தில் அழுத்தி வைத்தாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இரண்டு பிளேனிலும் அந்தக் கன்னத்தில் தண்ணீர் படாமல் முகம் கழுவினேன். சிட்னி விமான நிலையத்தில் என் கணவர் அழுக்கென்று நினைத்துத் துடைக்க லேஞ்சியை எடுத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாதேங்கோ. கண்ணூறு படாமல் வைச்சது."

"உமக்கோ?" என்று சிரித்தார். "உமக்கு இந்த வயதிலை ஆர் கண்ணூறு போடப்போகினம்?"

"போட ஒருத்தரும் இல்லாட்டிலும், படக்கூடாதெண்டு நினைக்க ஒராள் இருக்கிறா" என்றேன்.

அவர் லேஞ்சியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார்.