வெள்ளிக்கிழமைகளில் சூடாக இருந்த கார்

அண்ணையின் காரின் கிளச்சை எரித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லவேண்டிய காலத்தில் ஒன்பது மாதம் சொல்லாமல் இருந்தேன்.

முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். கிளச் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கரும்பலகையில் இரண்டு வட்டத் தட்டுகள் கீறி எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரு தட்டு எஞ்சினோடு சுழலும், மற்றது சில்லுகளோடு. மிதித்தால் பிரியும், விட்டால் ஒட்டும். பாதியில் பிடித்தால் உராயும், உராய்ந்தால் சூடாகும். இவ்வளவும் தெரிந்த எனக்குக் கார் ஓடத் தெரியாது. இருபது வயதில் ஒரேயொரு முறை அண்ணை பழக்கினார். கார் மூன்றுதரம் குதித்து நின்றது. "இறங்கடா. படிச்ச கால் உது. கிளச்சைக் கொல்லத்தான் உதவும்" என்றார். சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு நான் கேட்கவுமில்லை, அவர் கூப்பிடவுமில்லை.

கோப்பாயில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் கார்க் கொட்டில். அண்ணை இறந்தபின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவருடைய உடுப்புகளைக் கொடுத்துவிட்டார்கள். காரை மட்டும் அண்ணி விடவில்லை. "ஆட்டைத் திவசம் வரைக்கும் அவர் விட்டபடி கிடக்கட்டும். ஒருதரும் தொடக்கூடாது" என்றார். ஒரு வருடம் கழித்துத் திவசத்துக்குக் கனடாவிலிருந்து மகன் வருவான், காரை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போவான் என்பது ஏற்பாடு. அண்ணிக்கு விசாவும் வந்துவிட்டது. நம்பிக்கையான ஆள் என்று, காரைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்திருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் அண்ணி மத்தியானப் பூசைக்குப் போனால் திரும்ப இரண்டு மணித்தியாலம் ஆகும். அந்த வெயிலில் ஒழுங்கையில் காகம்கூடப் பறக்காது. அப்படியொரு வெள்ளி, கொட்டிலைத் திறந்தேன். பார்த்துச் சிரிக்க அவர் இல்லாத நேரத்தில் ஒருமுறை ஓடிப் பார்க்கவேண்டும். எழுபது வயதில் எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

அண்ணை ஆறடி. நான் அவருடைய தோள்மட்டம். சீற் அவருடைய காலுக்கு ஏற்றபடி பின்னே தள்ளியிருந்தது. அதை முன்னுக்கு இழுத்தால் அண்ணி கண்டுவிடுவார். தினமும் காலையில் அவர் கொட்டிலுக்கு வந்து கார் யன்னலால் உள்ளே பார்ப்பதை வேலியால் கண்டிருக்கிறேன். ஆகவே இழுக்கவில்லை. சறுக்கி இருந்து கால்நுனியால் கிளச்சை எட்டினேன். முழுதாக அமர்த்த முடியவில்லை. காலை எடுத்தால் திரும்ப அகப்படாது என்ற பயத்தில், ஓடும்போதும் விரல்களை அதன்மேலேயே வைத்திருந்தேன். கிளச்சைக் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

கண்ணாடியையும் தொடவில்லை. அது அவருடைய உயரத்துக்குத் திருப்பியிருந்தது. எனக்கு அதில் வீதி தெரியவில்லை. பின்சீற்றுக்கு மேலே, ஓர் ஆளின் தலை இருக்கவேண்டிய இடம் மட்டும் தெரிந்தது.

வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் முதலாம் கியரில் போய், ஒரு கிணற்றடியில் திருப்பி வருவேன். நாலாம் வெள்ளி மணம் வந்தது. றப்பரும் மயிரும் சேர்ந்து எரிந்ததுபோல. காரைக் கொட்டிலில் விட்டபின்னும் அது போகவில்லை.

அன்று கோயிலால் வந்ததும் அண்ணி கூப்பிட்டார். நான் போனபோது காரின் முன்னே, பொனற்றில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"தம்பி, இஞ்சை வந்து தொட்டுப் பாரும். சூடாக் கிடக்கு."

"வெயில், அண்ணி."

"கொட்டிலுக்குள்ளை ஏது வெயில்? உதைத்தானோ பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனீர்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர் எடுக்கிறார். போன வெள்ளியும் தொட்டுப் பாத்தனான். மணக்குது, பாரும்."

செத்தவீட்டுக்குப் பிறகு முதல்முறையாக அவருடைய முகம் தெளிந்திருந்தது. அதைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எழுபது வயதில் களவாகக் கார் எடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளி ஓடிவிட்டு வந்து இறங்கினால், கொட்டிலின் சுவர்த்தட்டில் மூடியபடி ஒரு தம்ளர். போகும்போது நான் கவனிக்கவில்லை. பிளேன்ரீ, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. அண்ணை குடிக்கும் விதம். எனக்கு வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஆறிப்போன அந்தத் தேநீரை யோசிக்காமல் குடித்தேன். பனங்கட்டியையும் கடித்தேன். வெறும் தம்ளரைத் திரும்ப வைத்தபோதுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது.

அன்று பின்னேரம் அண்ணி மகனோடு போனில் கதைத்தது வேலிக்கு இங்கால் கேட்டது.

"நான் வரேல்லை மோனை. கொப்பர் இஞ்சை வந்து போறார். தேத்தண்ணியும் குடிச்சிட்டார். அந்தாளைத் தனிய விட்டிட்டு நான் எங்கை வாறது?"

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தம்ளர் நிறைந்தபடி இருக்கும், அதைக் கண்டால் அண்ணி உடைந்துபோவார் என்று காரணம் வைத்திருந்தேன். ஓடுவதில் ருசி பிடித்துவிட்டது என்பதும் உண்மை. வாரந்தோறும் ஓடினேன், வாரந்தோறும் குடித்தேன். திவசம் நெருங்கிய ஒரு வெள்ளி, எஞ்சின் கத்தியது, கார் ஊர்ந்தது. கொட்டில் வாசலின் சிறு மேட்டை எப்படியோ ஏறி உள்ளே போய் நின்றுவிட்டது.

தாய் வராவிட்டாலும் காரையாவது விற்கவேண்டும் என்று மகன் ஒரு கராஜ்காரரை அனுப்பினான். அவர் கழற்றி, கரிந்த தட்டை அண்ணியின் முன்னே தூக்கிக் காட்டினார்.

"அம்மா, உது தேஞ்சதில்லை, எரிஞ்சது. ஆரோ காலை மேலை வைச்சபடி ஓடியிருக்கினம். பெரியவர் இப்பிடி ஓடமாட்டார். கிளச்சைப் பூ மாதிரி விடுற மனுசன்."

"செத்த பிறகு காலுக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும்" என்றார் அண்ணி.

கராஜ்காரர் சிரிக்கத் தொடங்கி, அவருடைய முகத்தைக் கண்டு நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். என் கால்களையும் பார்த்தார். புதுத் தட்டைப் போட்டுவிட்டுப் போனார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளி ஏறி இருந்தேன். வழக்கம்போலச் சறுக்கவேண்டி வரவில்லை. கால் நேரே கிளச்சில் போய் நின்றது. மிதித்தேன், அடிவரை போனது. சீற் முன்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது, என் காலின் அளவுக்கு. கண்ணாடியைப் பார்க்காமல் இறங்கி, அண்ணி வரும்வரை படலையடியில் வெயிலில் நின்றேன்.

"அண்ணி, காரை எடுத்தது நான். தேத்தண்ணி குடிச்சதும் நான். கிளச்சை எரிச்சதும் நான்."

அவர் அர்ச்சனைத் தட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உமக்குக் கால் எட்டாதே."

"எட்டேல்லை. அதாலைதான் எரிஞ்சது. உங்களுக்குத் தெரிஞ்சுதானே சீற்றை முன்னுக்குத் தள்ளிவிட்டிருக்கிறியள்?"

"நானோ? அந்தக் கதவை நான் திறந்தே ஒரு வருசமாகப் போகுது." கொட்டிலுக்குள் போய் யன்னலால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார். "தம்பிக்கு எட்டட்டும் எண்டு தள்ளி விட்டிருக்கிறார். அந்த நாளையிலை உமக்குக் கார் பழக்கேக்கை வந்த கோவம் ஆறீட்டுது அவருக்கு."

கராஜ்காரரிடம் போய்க் கேட்டேன். "நான் சீற்றைத் தொடேல்லை மாஸ்டர். தொட்டாலும் பின்னுக்குத்தான் தள்ளுவன், என்ரை வயித்தைப் பாருங்கோ" என்றார். யார் தள்ளியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திவசத்துக்கு மகன் வந்தான். அவனுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். "சித்தப்பா, உதை அண்டைக்கே சொல்லியிருந்தால் அம்மா இப்ப எங்களோடை இருந்திருப்பா" என்றான். தனியே திரும்பிப் போனான். காரை விற்க அண்ணி விடவில்லை.

முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து, வெள்ளிக்கிழமைகளில் இப்போது நானே அண்ணியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். கிளச்சை அடிவரை அமர்த்துகிறேன், காலை முழுதாக எடுக்கிறேன். மணம் வருவதில்லை. கண்ணாடியைத் திருப்ப மட்டும் இன்னும் கை போகவில்லை. வீடு வந்ததும் அண்ணி இறங்கி, பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"இண்டைக்கு நல்லா ஓடினியள்" என்பார்.

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை.