திரைக்குள் தனியே நடந்தவள்

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். பறந்துவரும் பஞ்சுக்குப் பயந்து டிவி முதல் மிக்ஸி வரை எல்லாவற்றையும் துணியால் மூடி வைப்போம். கத்தாரில் வேலை பார்க்கும் என் கணவர் வாங்கித் தந்த கேமிங் கம்ப்யூட்டரின் பெட்டியையும் பழைய போர்வையால் இறுகப் போர்த்தியிருந்தேன்; அது ஓடும்போதும் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மதியங்களில் அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவோம்; ஆட்டத்துக்குள் அவருக்கு ஓர் ஆண் உருவம், எனக்கு ஒரு பெண் உருவம். அன்று திடீரென என் திரை மட்டும் கறுத்துவிட்டது. ஹெட்போனில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், எனக்கு ஒண்ணுமே தெரியல."

"பொய் சொல்லாத புள்ள. காட்டுக்குள்ள நடந்து போய்க்கிட்டுத்தான இருக்க?"

என் இரு கைகளும் மடியில் இருந்தன. பயம் தெளிய வேதவசனம் ஓதி, கம்ப்யூட்டர்மேல் ஊதிவிட்டு மறுபடி போட்டு ஆட்டத்துக்குள் வந்தேன். சற்று நேரத்தில் அதே இருட்டு. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்பத் திரும்பி நின்னு என்னையவே பாக்குற" என்றார்.

அப்போதுதான் பஞ்சு கருகும் வாடை வந்தது. சுவிட்சை அணைத்தேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் திறந்தபோது, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் விசிறியில் பஞ்சு மெத்தைபோல் அடைத்திருந்தது. ஓரம் தீய்ந்திருந்தது. திரை கறுத்த பிறகும் ஆட்டத்தில் அவள் நடந்துபோனதைச் சொன்னேன்.

"போர்வைக்கு அடியிலயும் பஞ்சு நுழையும்மா. சூடுதான் வெளிய போகாது. இன்னுங் கொஞ்ச நேரம் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும். படம் போனாலும், கடைசியா அமுக்குன பட்டனப் பிடிச்சுக்கிட்டு ஆட்டம் ஓடும்" என்றார்.

இப்போது போர்வை போடுவதில்லை. வாராவாரம் பஞ்சை ஊதி எடுக்கிறேன். திரை கறுத்தால் உடனே சுவிட்சை அணைக்கிறேன்.

அவள் தானாக நடந்ததற்குக் கடைக்காரர் காரணம் சொல்லிவிட்டார். திரும்பி நின்று என் கணவரையே பார்த்ததற்கு மட்டும் நான் கடைக்காரரிடம் காரணம் கேட்கவில்லை.