சித்தி தேடிய பீச்

எங்கள் ஊரில் "பீச்சுக்குப் போறேன்" என்றால் கடற்கரைச் சாலைக்குப் போவதாக அர்த்தம். ஒருபக்கம் வெள்ளைக் கட்டடங்கள், நடுவில் அகலமான சாலை, மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் கருங்கற்கள். கற்களுக்கு அந்தப்பக்கம்தான் கடல். அப்போதெல்லாம் அங்கே ஒரு பிடி மணல் கிடையாது. வெளியூர்க்காரர்கள் வந்து திருதிருவென்று விழிப்பார்கள். எதற்கு விழிக்கிறார்கள் என்றே எனக்குப் புரியாது. எட்டு வயதில் பீச் என்றால் கல் என்பதுதான் என் ஞானம்.

சித்தப்பாவுக்குத் தருமபுரிப் பக்கம் பெண் எடுத்தார்கள். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து மனிதர் போனும் கையுமாகவே திரிந்தார். வீட்டிலிருந்து பீச் அஞ்சு நிமிஷம், தினமும் சாயங்காலம் கூட்டிப் போவேன் என்று அவர் குழைந்ததை நானே ஒட்டுக்கேட்டிருக்கிறேன். கடலையே பார்த்திராத சித்தி அதை நம்பி, சிநேகிதிகள் அத்தனை பேரிடமும் பெருமையடித்துவிட்டு வந்திருந்தாள்.

கல்யாணமாகி நாலாம் நாள் சாயங்காலம் இருவரும் கிளம்பினார்கள். வால் மாதிரி நானும் போனேன். சாலை முனையிலேயே சித்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டாள். தரையில் வெயில் சூடு இன்னும் ஆறவில்லை. பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டினோம், காந்தி சிலையைத் தாண்டினோம், கடைசியில் சாலையே முடிந்துவிட்டது.

"பீச் இன்னும் எவ்ளோ தூரங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஐய, சித்தி! இவ்ளோ நேரம் பீச்சுலதானே நடந்தோம்!"

சித்தப்பா பாவம், தடுமாறிப் போனார். முன்பு மணல் இருந்ததாம். துறைமுகம் கட்டிய பிறகு கடல் அரித்துக்கொண்டு போய்விட்டதாம். கல்லைக் கொட்டித்தான் ஊரைக் காப்பாற்றினார்களாம். மணல் போனாலும் பேர் மட்டும் நின்றுவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் பீச் அதுதான். சித்தி செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கியதுபோல் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினேன். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் சித்தி வாசற்படியில் நிற்கிறாள்.

அவள் சாப்பிட வரவில்லை. உள்ளறையிலிருந்து அழுகை கேட்டது. "என்னை எங்கம்மா வீட்டுல கொண்டு போய் விட்டுடுங்க." அம்மா என் தொடையில் அழுத்திக் கிள்ளினாள்.

காலையில் சித்தியின் பை கட்டித் தயாராக இருந்தது. சித்தப்பா பைக்கை எடுத்தார். "வீராம்பட்டினத்துல மணல் இருக்குது. ஒரு வாட்டி வந்து பாரு. அதுக்கப்புறமும் போவணும்னா நானே பஸ் ஏத்தி வுடறேன்" என்றார். நானும் வருவேன் என்று அடம் பிடித்துப் பெட்ரோல் டேங்க்கின் மேல் இடம் வாங்கினேன்.

அங்கே மணலென்றால் மணல், அப்படியொரு மணல்! சித்தி ஒரே ஓட்டமாக அலைக்குள் போனாள். சித்தப்பா பின்னாலேயே ஓடினார். நான் மெல்ல ஈரத்தில் கால் வைத்தேன். அலை திரும்பும்போது காலடியில் மணல் கரைந்து சர்ரென்று நழுவியது. பூமியே என்னை உள்ளே இழுக்கிறது என்று நினைத்து வீரிட்டு அழுதேன். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அன்றுதான் முதல்முதலாகக் கடலில் கால் வைத்தேன்!

சித்தி திரும்பி வந்தாள். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, என் பாதம் மட்டும் நனையும்படி வைத்தாள். வெகுநேரம் கழித்து நானே இறங்கினேன்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்: "இந்த வாயாடி அங்க என்ன பண்ணா?"

நான் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி ஈரப் புடவையைப் பிழிந்தபடி, "தண்ணிய விட்டு வரவே மாட்டேன்னுட்டாக்கா" என்றாள். பிறகு உள்ளே போய்ப் பையைப் பிரித்துத் துணிகளை பீரோவில் அடுக்க ஆரம்பித்தாள்.

அப்பாடா, நான் அழுததைச் சித்தி கவனிக்கவேயில்லை என்று அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே நிம்மதி.