தப்பாகப் பாடப் பழகியவர்

மியோங்போ மாவட்ட அலுவலகத்தின் கழிவுநீர்ப் பிரிவில் பியோ சங்கில் என்பவர் அளவுக்கு மோசமாகப் பாடக்கூடியவர் வேறு யாரும் இல்லை. அந்த இடத்தைப் பிடிக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பிரிவுத் தலைவர் குவாக்குக்குப் பாட்டென்றால் உயிர். மாதம் ஒரு தடவை அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பன்றிக்கறி சுட்டுத் தின்னவைத்து, சோஜு மது ஊற்றிக் கொடுத்து, கடைசியில் ஒரு கரோக்கே அறைக்குள் கொண்டுபோய் அடைப்பார். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் இயந்திரம் மதிப்பெண் போடும். தலைவரின் மதிப்பெண்ணை யாரும் தாண்டக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. சங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞன் தாண்டினான். எல்லோரும் கைதட்டினார்கள், குவாக் அவன் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். அடுத்த இடமாற்றத்தில் அந்த இளைஞன் பெட்டியோடு தீவுக்குப் படகேறினான். சங்கிலுக்கு அது போதும். பாடம் படித்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால் அவருக்கு உண்மையிலேயே குரல் இருந்தது. குரல் இல்லாதவன் மோசமாகப் பாடுவதில் என்ன கஷ்டம்? சங்கில் அதற்கென்று உழைத்தார். ஊர் ஊராகக் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்வையிடப் போகும்போது வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழகினார். சுருதியிலிருந்து ஒரு நூல் கீழே இறங்குவது, தாளத்துக்கு ஒரு மூச்சுப் பின்தங்குவது, உச்சத்தில் குரல் உடைந்ததுபோல் இருமுவது. பத்தொன்பது வருடம் இப்படியே போயிற்று. இதில் பாதி உழைப்பைப் பாடுவதற்குக் கொடுத்திருந்தால்கூட என்று வீட்டில் யாராவது சொன்னால், “அதுக்கெல்லாம் நேரம் வரும்” என்பார். பதவி உயர்வு வரட்டும், மகள் படிப்பு முடியட்டும் என்பார். பதவி உயர்வு வந்தது. மகள் ஹ்யோரிம் படித்து முடித்து குவாங்ஜுவில் வேலைக்கும் போய்விட்டாள். அடுத்த பதவி உயர்வு வரட்டும் என்றார்.

ஆனாலும் ஆசை விடுமா? பாடகனாக வேண்டும் என்பது அவருடைய கனவு. இடுப்பையும் ஆட்டவைத்து அதே நேரத்தில் கண்ணையும் துடைக்கவைக்கும் துராட் பாட்டுக்காரனாக. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வழி என்று அவர்தான் சொல்லிக்கொண்டார்.

சந்தை சந்தையாகச் சின்ன லாரியில் காலுறை விற்கும் தெசிக் அவருக்குப் பழைய சிநேகிதன். அடுத்த மாவட்டங்களில் திருவிழா என்றால் தெசிக்கின் லாரி அங்கே போகும், சனி ஞாயிறுகளில் சங்கிலும் கூடப் போவார். லாரியின் பின்னால், காலுறைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, காகிதக் கூழில் செய்த ஒரு புலி முகத்தை மாட்டிக்கொள்வார். மேடையேறினால் அவர் பெயர் மலைப்புலி. அரசு ஊழியர் வெளியில் வேலை பார்க்கக் கூடாது என்பதால் கூலியைத் தெசிக்கே வைத்துக்கொள்வான். யாருக்கும் முகம் தெரியாது, யாரும் கேள்வி கேட்க முடியாது. பாட்டும் பாடியாயிற்று, வேலையும் பத்திரம்.

“நீச்சல் கத்துக்கணும், ஆனா தலைமுடி நனையக் கூடாது. அதானே உங்க திட்டம்?” என்றாள் மனைவி போக்சிம். கடைத்தெருவில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள். கருவாடு வறுக்கிற வாசனை அவள் பேச்சிலேயே அடிக்கும்.

“உனக்குப் புரியாது, ஹ்யோரிம் அம்மா. இதுக்குப் பேர் ஜாக்கிரதை.”

“புலி வேஷம் போட்டுக்கிட்ட கோழிக்குப் பேர் என்னன்னு வேணா சொல்லுங்க. ஜாக்கிரதைங்கற பேர் வேண்டாம்.”

அந்த வருடம் மியோங்போவின் மட்டிச் சிப்பித் திருவிழாவில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். சொந்த ஊர் என்பதால் சங்கில் ஒதுங்கியிருக்க நினைத்தார். மேலும் திருவிழாத் திடலின் தற்காலிகக் கழிவறைகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆரஞ்சு நிற மேல்சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, எந்தக் கதவு அடைத்துக்கொண்டது, எங்கே காகிதம் தீர்ந்தது என்று ஓடிக்கொண்டிருந்தார். மேடையில் ஒருவன் அவருக்குப் பிடித்த பாட்டைக் கொலை செய்ததைக் கேட்டதும் பொறுக்கவில்லை. லாரிக்கு ஓடினார். மேல்சட்டையைக் கழற்றித் தெசிக்கிடம் எறிந்தார்.

மலைப்புலி அன்று பாடியதை மியோங்போவில் இன்னும் பேசுகிறார்கள். மட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் இடுக்கியை வைத்துவிட்டு எழுந்து ஆடினார்கள். கடைசி அடியில் குரல் மேலே போய் அங்கேயே நின்றபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குவாக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சங்கில் புலியின் கண் ஓட்டை வழியாக அதைப் பார்த்தார். மனிதனாகப் பிறந்த எவனுக்கும் அந்த இடத்தில் முகமூடியைக் கழற்றத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் மூன்றாம் வரிசைக் கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இறங்கி ஓடினார்.

பரிசை வாங்கப் புலி வரவில்லை. வந்தவன் தெசிக். அவனை ஓர் அம்மாள் பிடித்துக்கொண்டார். சியோலில் பாட்டுக்காரர்களைத் தயார் செய்யும் நிறுவனத்தைச் சேர்ந்தவர், பாங் என்று பெயர். குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் ஒரு துராட் போட்டி ஆரம்பிக்கிறது, புலியை அதில் இறக்கவேண்டும் என்றார். முகமூடி இருக்கலாம், ஆனால் உள்ளே இருப்பவர் யாரென்று நிறுவனத்துக்குத் தெரியவேண்டும். அவர் சியோலுக்கு வந்து ஆறு மாதம் தங்கவேண்டும். திங்கட்கிழமை மதியம் வரை மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடையில் காத்திருப்பதாகச் சொல்லிப் போனார்.

ஞாயிறு முழுவதும் சங்கில் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“சம்பளமில்லாத லீவு கேட்டா என்ன? இல்ல, முதுகு வலின்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கலாம். ஆறு மாசம் ஆனா ரொம்பத்தான். மூணு மாசம்னா...”

போக்சிம் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் முளையின் வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். “வேலைய விட்டுடுங்களேன்.”

அவர் நின்றுவிட்டார். “விளையாடறியா?”

“எதுக்கு விளையாடணும்? பொண்ணு சம்பாதிக்கறா. கடை ஓடுது. நீங்க தோத்துட்டு வந்தா சோறு போட மாட்டேனா? இல்லன்னா போக வேண்டாம், அலுவலகத்துலயே இருங்க, யாரும் உங்கள அடிக்கப் போறதில்ல. ஏதோ ஒண்ணு பண்ணுங்க. இப்படி நிலைவாசல்ல நின்னுக்கிட்டு உள்ள காத்து வரலை, வெளிய மழை பெய்யுதுன்னு ரெண்டு பக்கமும் குறை சொல்லாதீங்க. காதடைக்குது.”

“போய் மோசம் போயிட்டா?”

“மோசம் போன பாட்டுக்காரன்னு சொல்லிக்கலாம். இப்ப என்னன்னு சொல்லிக்கறது? கக்கூஸ் புலின்னா?”

திங்கள் காலை அவர் துணிச்சலை வரவழைத்துக்கொண்டார். அவர் அளவில் அது துணிச்சல்தான். நேரே காப்பிக்கடைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. முதலில் தலைவரிடம் சொல்லி, முறைப்படி அனுமதி பெற்று, அதன் பிறகு கனவைத் துரத்தலாம் என்பது அவர் எண்ணம்.

“ஐயா, சனிக்கிழமை பாடின அந்த மலைப்புலி... அது நான்தான்.”

குவாக் காப்பிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார். பிறகு அறையே அதிரச் சிரித்தார். “எல்லாரும் இங்க வாங்கப்பா! பியோவுக்கு நகைச்சுவைகூட வருது!”

பிரிவே வந்து சூழ்ந்துகொண்டது. “சார், நீங்க புலின்னா நான் கடல்நாகம்” என்றாள் தட்டச்சு மேசைப் பெண். “போன மாசம் சார் பாடினப்ப மெஷினே அணைஞ்சு போச்சே, மறந்துட்டீங்களா?” என்றான் இன்னொருவன்.

“நெஜமாத்தான்” என்றார் சங்கில். காதெல்லாம் சிவந்துவிட்டது.

“சரி, பாடு” என்றார் குவாக், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. “ஒரே ஒரு அடி. நான் அழுதேனே, அந்த இடம்.”

சங்கில் நிமிர்ந்து நின்றார். மூச்சை இழுத்தார். எதிரே குவாக்கின் முகம். பத்தொன்பது வருடமாக அந்த முகத்தைப் பார்த்தே பாடிப் பழகிய தொண்டை தன் வேலையைத் தானே செய்தது. ஒரு நூல் கீழே இறங்கிற்று, ஒரு மூச்சுப் பின்தங்கிற்று. உச்சத்தை எட்டவேண்டிய இடத்தில், அவர் உயிரைக் கொடுத்துத் தடுத்தும், இருமல் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இரக்கப்பட்டுக் கைதட்டினார்கள். அதுதான் கொடுமை.

“வேலை ஜாஸ்தி, பாவம்” என்றார் குவாக் எழுந்துவந்து, தோளில் கைவைத்து. “திருவிழா முழுக்க அந்த நாத்தத்துல நின்னா யாருக்கும் தலை சுத்தும். ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ.”

காப்பிக்கடை சாலைக்கு அந்தப் பக்கம்தான். சன்னலிலிருந்து பார்த்தால் பாங் அம்மாளின் பச்சைக் கோட்டுகூடத் தெரிந்தது. அந்த அம்மாள் முகத்துக்கு எதிரே அந்தத் தொண்டை எப்போதும் பயந்ததில்லை. ஓடிப்போய் ஒரு வரி பாடியிருந்தால் போதும். ஆனால் வேலை நேரத்தில் வெளியே போவதென்றால் கணினியில் விண்ணப்பம் போட்டுத் தலைவரின் ஒப்புதல் வாங்கவேண்டும். சங்கில் விண்ணப்பம் போட்டார். குவாக் சாப்பிடப் போயிருந்தார். சங்கில் காத்திருந்தார். தன் வாழ்க்கை எதிர்ப்பக்கத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்திருப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒப்புதலுக்குக் காத்திருந்தார். இப்படி ஒரு மனிதரை எந்தக் கனவு தேடி வரும்?

ஒப்புதல் வந்து அவர் கடைக்குள் நுழைந்தபோது பாங் அம்மாளுக்கு எதிரே புலி உட்கார்ந்திருந்தது. தெசிக்கின் தடித்த விரல்களை அவருக்குத் தெரியாதா? தெசிக் எழுந்து, அவரைக் கடையின் மூலைக்கு இழுத்துப்போனான்.

“அண்ணே, அந்தம்மா கிளம்பிட்டாங்க. உள்ள யாராச்சும் இருந்தாத்தானே நிறுத்த முடியும், அதான் மாட்டிக்கிட்டேன். நான்தான் புலின்னு அன்னிக்கே அவங்களுக்கு ஒரு சந்தேகமாம். பாடச் சொல்லியே கேக்கல. குரல மெஷின்ல சரி பண்ணிக்கலாம், ஆட்டமும் முகமும்தான் வேணும்ங்கறாங்க. இப்பவே சொல்லுங்க, கழட்டிக் கைல குடுத்துடறேன். என் அம்மா சத்தியமா.”

புலியின் கண் ஓட்டைக்குள் தெசிக்கின் கண்கள் தெரிந்தன. அவை அவசரப்படவில்லை. இதைவிட மரியாதையாக ஒரு மனிதனிடம் யாரும் அவன் கனவைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது.

பாங் அம்மாள் அங்கிருந்தே கேட்டார்: “நீங்க யாருங்க?”

சங்கிலின் கை தானாகக் கழுத்திலிருந்த அடையாள அட்டைக்குப் போயிற்று.

“மாவட்ட அலுவலகம்” என்றார். “திருவிழாவுல கழிவறை ஏற்பாடெல்லாம் நான்தான்.”

“ஓ! ரொம்பச் சுத்தமா இருந்துச்சு” என்றார் அந்த அம்மாள்.

தெசிக் லாரியைத் தம்பியிடம் விட்டுவிட்டு சியோலுக்குப் போனான். குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் வந்தான். ஆடினான், குதித்தான், சுருதி போகிற போக்கில் போயிற்று. போக்சிம்மின் கடையில் தெருவே கூடி நின்று பார்த்தது. “அந்த இடத்துல மூச்சு எடுக்கக் கூடாது” என்று சங்கில் பின்னாலிருந்து முணுமுணுத்தார். “சும்மா இருங்க, பாட்டு கேக்க விடுங்க” என்றாள் போக்சிம். மூன்றாம் சுற்றில் தெசிக் தோற்றான், முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான், ஊர் வந்து சேர்ந்தான். இப்போது லாரியில் ‘தொலைக்காட்சிப் புலியின் காலுறை’ என்று எழுதிப் போட்டிருக்கிறான். தாத்தாக்கள் அவனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் நிக்காதுன்னு. வேலைய விட்டிருந்தா என் கதி?” என்றார் சங்கில்.

போக்சிம் அவருடைய தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவப் போட்டாள்.

புலி முகத்தைத் தெசிக் சங்கிலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். சிநேகிதன் கொடுத்த நினைவுப்பொருள் என்று நம்பிக் குவாக் அதை அந்த மாதக் கரோக்கேவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊர்ப் புலியின் முகமாயிற்றே. மாட்டிக்கொண்டு அதே பாட்டைப் பாடினார். எல்லோரும் எழுந்து ஆடினார்கள். சங்கில் சலங்கை வைத்த டாம்பரினைத் தட்டினார், தாளம் தவறாமல். இயந்திரம் உயர்ந்த மதிப்பெண் போட்டது. குவாக் மகிழ்ச்சி தாங்காமல் அத்தனை பேரையும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகக் கீழே இழுத்துப்போனார்.

அறையில் சங்கில் மட்டும் பின்தங்கித் தனியாக நின்றார். அடுத்த பாட்டுக்கு அவர் பெயர் திரையில் வந்திருந்தது. மேசைமேல் புலி மல்லாந்து கிடந்தது. கதவு மூடியிருந்தது, கேட்பதற்கு ஒருவரும் இல்லை, பாட்டின் முன்னிசை ஆரம்பித்துவிட்டது.

யாராவது திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் வாசலைப் பார்த்தார். பிறகு ரத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, தனக்கு வெனிலா ஐஸ்கிரீம் என்று சொல்ல வேகமாகப் படியிறங்கினார்.